பாரம் எங்கே இருக்கிறது?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கமிருந்து நம் கல்லூரிக்கு வரும் நண்பர்களுக்குக் கன்டெய்னர் லாரியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட் முன்பிருந்து எண்ணூர் விரைவுச் சாலை நெடுகிலும் அவை நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அதன் காரணமாக முதல் வகுப்பைத் தவற விட்டும் இருப்பீர்கள். அந்த வரிசையை வாயாரத் திட்டாதவர் நம்முள் எவரும் இலர். அதில் ஏதோ ஒரு லாரியில் என் தந்தையார் அமர்ந்திருக்கக்கூடும் என்பதால் நான் மட்டும் சற்று மெல்லத் திட்டுவது வழக்கம்.

அப்பா பத்தொன்பது ஆண்டுகளாக டிரெய்லர் ஓட்டுகிறார். ஓர் ஐப்பசி மாத மாலையில், நல்ல மழையில், துறைமுகத்திலிருந்து ஒரு பெட்டியை ஏற்றிக்கொண்டு ரயில்வே மேம்பாலம் ஒன்றில் ஏறினார். பாதி ஏற்றத்தில் லாரியின் இழுக்கும் சக்கரங்கள் பிடிப்பில்லாமல் நின்ற இடத்திலேயே சுழன்றன. வண்டி பின்னோக்கி நழுவியது. பின்னால் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோ ஒன்று வந்துகொண்டிருந்தது. அப்பா டிரெய்லரைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோடு உரச விட்டு நிறுத்தினார். ஆட்டோவுக்கும் டிரெய்லருக்கும் இடையே ஓர் ஆள் நிற்கும் இடைவெளிதான் இருந்ததாம். யாருக்கும் காயமில்லை.

அவர் வேலை பார்த்த நிறுவனம் மூன்று நாள் கூலியைப் பிடித்துக்கொண்டது. காகிதத்தில் இருந்த எடை 20 டன். எடைமேடையில் வந்ததும் 20 டன்தான். "எடை சரியாகத்தானே இருக்கிறது, பிறகென்ன?" என்று கேட்டார்களாம். "எடை சரிதான் சார், பின்பாரம். கேட்டை விட்டு வரும்போதே மூக்கைத் தூக்கிக்கினு வந்துச்சு" என்று அப்பா சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பெட்டி சேரவேண்டிய கிடங்கில் திறக்கப்பட்டபோது, கனமான வார்ப்பிரும்புச் சாமான்கள் எல்லாம் கதவை ஒட்டி அடுக்கப்பட்டு, உட்புறம் இலேசான அட்டைப் பெட்டிகள் இருந்தனவாம். இறக்குவதற்குச் சுலபம் என்று யாரோ ஏதோ ஒரு நாட்டில் நினைத்திருக்கிறார்கள்.

அப்போது நான் முதலாண்டில் திருப்புத்திறன் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா சொன்ன 'பின்பாரம்' என்ற சொல்லும் நான் படித்த பாடமும் ஒன்றே என்று விளங்க எனக்கு மேலும் ஓராண்டு ஆயிற்று. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நுகத்தடியில் தொடங்குவோம்

'பின்பாரம்' என்பது லாரிக்காரர் சொல் அன்று, மாட்டுவண்டிக்காரர் சொல். அப்பாவுக்கு அதைக் கொடுத்தவர் என் தாத்தா. அவர் இராயபுரத்தில் வண்டி ஓட்டியவர். 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட அதே இராயபுரம் நிலையத்தின் சுற்றுப்புறத்தில் மூட்டைகளுக்காக வண்டிகள் காத்து நின்ற காலம் அது.

மாட்டுவண்டிக்கு அச்சு ஒன்று, சக்கரம் இரண்டு. ஏற்றிய பாரத்தின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு முன்னால் விழுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். இது முன்பாரம். அளவோடு இருந்தால் நல்லது. மிஞ்சினால் கழுத்தில் புண் வரும். ஈர்ப்பு மையம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டாலோ நுகத்தடி மேலே கிளம்பும். மாட்டின் கழுத்தை நுகத்தோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மாடு இழுக்காமல் மூச்சுக்குத் தவிக்கும். இது பின்பாரம். ஆகவே பழகிய வண்டிக்காரர் மாடு பூட்டுமுன் ஏர்க்காலை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கைக்கு இலேசாகக் கனத்தால் சரி. கனக்காவிட்டால் ஒரு மூட்டையை முன்னுக்குத் தள்ளுவார்.

மேட்டில் ஏறும்போது என்ன நடக்கிறது என்பது இன்னும் சுவையானது. பாரத்தின் ஈர்ப்பு மையம் அச்சைவிட உயரத்தில் இருப்பதால், வண்டி சாய்ந்ததும் அது அச்சுக்குப் பின்பக்கமாக நகர்ந்துவிடுகிறது. சமதரையில் சரியாக இருந்த வண்டி மேட்டில் பின்பாரமாகிவிடும். அதனால் வண்டிக்காரர் எழுந்து ஏர்க்காலின் மேல் முன்னுக்கு வந்து குந்துவார். இறக்கத்தில் பின்னுக்குப் போவார். தாத்தா தம்மையே ஓர் எடைக்கல்லாகப் பயன்படுத்தியிருக்கிறார்! விசையைத் தாங்குபுள்ளியிலிருந்து அதன் செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் திருப்புத்திறன் என்று நாம் தேர்வில் எழுதுகிறோம். மூன்றாம் வகுப்போடு நின்ற அவர் அதை உட்கார்ந்தே எழுதினார்.

மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் அளவைப் பற்றி எச்சரித்தார். அளவு மீறாமலேயே இடம் தவறினால் என்னவாகும் என்பதுதான் நம் கேள்வி.

காரின் பின்னால் ஒரு சிறு வீடு

மேலைநாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், விடுமுறைக்குச் செல்வோர் படுக்கை, அடுப்பு எல்லாம் அடங்கிய சிறு டிரெய்லர் ஒன்றைக் காரின் பின்னால் பூட்டிக்கொண்டு போகிறார்கள். நம் நூலகத்தில் மோட்டார் வாகனப் பொறியியல் நூல் ஒன்றைப் புரட்டியபோது, அந்த டிரெய்லர்களுக்குப் பயன்படும் 'பாரம் பகிரும் கொக்கி' கண்ணில் பட்டது. நம் ஊரில் அப்படிப்பட்ட வண்டியை நான் பார்த்ததில்லை. ஆனால் எண்ணூர், மணலித் தொழிற்சாலைப் பக்கம் இரண்டு சக்கர ஜெனரேட்டரையும் காற்றழுத்த இயந்திரத்தையும் வேனுக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். தத்துவம் ஒன்றே.

கணக்கைப் பாருங்கள். டிரெய்லர் 1000 கிலோ. கொக்கியிலிருந்து அதன் அச்சு 3 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஈர்ப்பு மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் என்று கொள்வோம். அப்படியானால் கொக்கியின் மேல் விழும் பாரம் 1000 × 0.3 ÷ 3 = 100 கிலோ. மீதி 900 கிலோவை டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியில் இருக்கவேண்டும் என்பது அமெரிக்க வழக்கம்; ஆகவே இது நல்ல முன்பாரம். 15 சென்டிமீட்டர் பின்னால் போய்விட்டால் கொக்கி 50 கிலோ விசையுடன் காரின் வாலை மேலே தூக்கும். அப்படிப்பட்ட டிரெய்லர் வேகம் கூடியதும் மீன் வாலைப்போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, காரையே திருப்பிப் போட்டுவிடும்.

சரி, 100 கிலோ முன்பாரம் வைத்துவிட்டோம். காருக்கு என்ன ஆகிறது? இங்கேதான் மாட்டுக்கும் காருக்கும் வேற்றுமை. நுகத்தடி மாட்டின் கழுத்தில் நேரே உட்காருகிறது. காரின் கொக்கியோ பின்சக்கரத்துக்கும் பின்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. காரின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர், கொக்கி பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் என்று கொண்டால், அந்த 100 கிலோ ஏற்றமரத்தில் ஒருபக்கம் ஆள் ஏறியதைப்போல் காரின் முன்பக்கத்தைத் தூக்குகிறது. முன்சக்கரங்களில் 100 × 1 ÷ 2.5 = 40 கிலோ குறைகிறது. பின்சக்கரங்களில் 140 கிலோ கூடுகிறது. வைத்தது நூறு, ஏறியது நூற்று நாற்பது! முன்சக்கரம் இலேசானால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. முன்பிரேக் சரியாகப் பிடிக்காது. இரவில் விளக்கு வெளிச்சம் வானத்தைப் பார்க்கும்.

பாரம் பகிரும் கொக்கி இதற்கு மருந்து. கொக்கித் தலையிலிருந்து இரண்டு எஃகு வில்தண்டுகள் பின்னோக்கி டிரெய்லரின் முன்சட்டத்துக்கு அடியில் நீண்டிருக்கும். அவற்றின் பின்முனைகளைச் சங்கிலியால் மேலே இழுத்துச் சட்டத்தோடு மாட்டிவிடுவார்கள். கட்டடம் கட்டும் இடத்தில் கலவை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தூக்கினால் பாரம் முன்னால் சக்கரத்துக்குப் போகிறதல்லவா? அந்த வில்தண்டுகளே காரின் கைப்பிடிகள். அவற்றைத் தூக்குவதால் காரின் மூக்கு கீழே இறங்குகிறது. தூக்கும் சங்கிலி டிரெய்லரின் சட்டத்தைக் கீழ்நோக்கி இழுப்பதால் டிரெய்லரின் சக்கரமும் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது.

எவ்வளவு முறுக்கு வேண்டும்? மேற்கண்ட அளவுகளுக்கு நான் சமன்பாடு போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் நீளக் கையின் நுனியில் 75 கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ அவ்வளவு போதும். (நியூட்டனில் ஏன் எழுதவில்லை என்று கேட்கும் ஆசிரியப் பெருமக்கள் 9.8-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டுகிறேன்.) அப்போது காரின் முன்சக்கரங்கள் இழந்த 40 கிலோவும் திரும்பி வந்துவிடுகிறது. பின்சக்கரங்களின் கூடுதல் 140-லிருந்து 75 ஆகிறது. டிரெய்லரின் சக்கரங்களில் 900 என்பது 925 ஆகிறது. கூட்டிப் பாருங்கள்: 75-உம் 925-உம் சேர்ந்து 1000. கொக்கி ஒரு கிராமைக்கூடக் குறைக்கவில்லை; பங்கைத்தான் மாற்றிக் கொடுத்தது.

இதைப் பொருத்துவோர் கணக்குப் போடுவதில்லை. சமதரையில் காரை நிறுத்தி, முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு தரையிலிருந்து எத்தனை உயரம் என்று மூன்று முறை அளப்பார்கள்: வெறும் காராக ஒருமுறை, டிரெய்லரைப் பூட்டிய பின் ஒருமுறை, வில்தண்டை இறுக்கிய பின் ஒருமுறை. உயர்ந்த அளவு போதிய மட்டும் இறங்கும்வரை சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாகக் கூட்டுவார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பின்சக்கரங்கள் இலேசாகி அவை வழுக்கும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். சாமானைப் பின்னால் அடுக்கிவிட்டு இந்தக் கொக்கியை நம்புவது வீண். பின்பாரத்துக்கு மருந்து சாமானை நகர்த்துவது ஒன்றே.

துறைமுகத்துப் பெட்டி

இனி நம் கன்டெய்னர் லாரிக்கு வருவோம். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சக்கரத்தைக் கழற்றிய லாரி உடலே கன்டெய்னர் என்பதை இது நினைவூட்டும். நம் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-இல் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் வண்டிமாடு குறைந்து, டிரெய்லர் டிரைவர்கள் பெருகினார்கள் என்று ஆயா சொல்வார்.

டிரெய்லருக்கு முன்சக்கரம் கிடையாது. அதன் முன்பகுதியில் கீழ்நோக்கி நிற்கும் கிங்பின் என்னும் தடித்த முளை, இழுக்கும் லாரியின் முதுகில் உள்ள வட்டத் தட்டில் போய்ப் பூட்டிக்கொள்ளும். நம் டிரைவர்கள் இத்தட்டை டர்ன்டேபிள் என்கிறார்கள். ஆங்கில நூல்களில் அதன் பெயர் ஐந்தாம் சக்கரம். கவனிக்க வேண்டியது அது இருக்கும் இடம். காரின் கொக்கியைப்போல் பின்சக்கரத்துக்குப் பின்னால் அது இல்லை. பின் அச்சுக்குச் சற்று முன்னாலேயே இருக்கிறது. லாரியின் அச்சுகளுக்கு இடையே 3.5 மீட்டர், தட்டு பின் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் என்றால், தட்டில் விழும் பாரத்தில் ஏழில் ஒரு பங்கு முன்சக்கரத்துக்கும் ஆறு பங்கு இழுக்கும் சக்கரங்களுக்கும் போகும். மூக்கைத் தூக்கும் நெம்புகோல் இங்கே இல்லை. ஆகவே 20 டன் இழுக்கும் லாரிக்கு, ஒரு டன் இழுக்கும் காருக்குத் தேவைப்பட்ட அந்த வில்தண்டுகள் தேவையில்லை.

ஆனால் தட்டில் எவ்வளவு விழுகிறது என்பதைத் தட்டு தீர்மானிப்பதில்லை. பெட்டியை அடுக்கியவர் தீர்மானிக்கிறார். 40 அடிப் பெட்டி, அதாவது 12.19 மீட்டர். கணக்கு எளிதாக வர, கிங்பின்னிலிருந்து டிரெய்லர் அச்சுகளின் நடுவுக்கு 8 மீட்டர் என்றும், சீராக அடுக்கிய 20 டன் சரக்கின் ஈர்ப்பு மையம் கிங்பின்னுக்கு 5 மீட்டர் பின்னால் என்றும் கொள்கிறேன். தட்டின் பங்கு 20 × 3 ÷ 8 = 7.5 டன். சரக்கின் மையம் ஒரே ஒரு மீட்டர் பின்னால் போனால் 20 × 2 ÷ 8 = 5 டன். ஒரு மீட்டருக்கு இரண்டரை டன்! அதில் ஏழில் ஆறு பங்கு, அதாவது இரண்டு டன்னுக்கு மேல், இழுக்கும் சக்கரங்களிலிருந்து காணாமல் போகிறது. உராய்வு விசை செங்குத்து அழுத்தத்தைப் பொறுத்தது என்பது நமக்குத் தெரியும். மழையில், மேட்டில், அழுத்தம் குறைந்த சக்கரம் வேறென்ன செய்யும்? தாத்தா எழுந்து முன்னுக்கு வந்து குந்துவார். 20 டன்னுக்கு முன்னால் அப்பா குந்திப் பயனில்லை.

முன்னால் நகர்ந்தாலும் தொல்லைதான். மையம் ஒரு மீட்டர் முன்னால் வந்தால் தட்டில் 10 டன். லாரியின் சொந்த எடையும் சேர்ந்து, நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சுக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டிவிடும். அந்த அளவு 2018-இல்தான் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது.

இதற்கு விதி இல்லாமலில்லை. பெட்டியில் சரக்கு அடுக்குவது பற்றி மூன்று பன்னாட்டு அமைப்புகள் சேர்ந்து 2014-இல் ஒரு நெறிமுறை வகுத்தன. ஈர்ப்பு மையம் பொதுவாகப் பெட்டியின் நடுவிலிருந்து நீளத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குமேல் விலகக் கூடாது என்கிறது அது. 40 அடிப் பெட்டிக்கு இது ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். பாதிப் பெட்டியில் நூற்றுக்கு அறுபது பங்குக்குமேல் எடை வேண்டாம் என்று எளிய வாய்பாடும் தருகிறது. (அறுபதும் நாற்பதுமாகப் பிரித்துத் திருப்புத்திறன் எடுத்தால் சரியாக ஐந்து பங்கு வருவதை நீங்களே பார்க்கலாம்.) ஆனால் அது நெறிமுறை. கட்டாயமாக நடைபெறுவது வேறொன்று: 2016 ஜூலை முதல் நாளிலிருந்து, சரிபார்த்த மொத்த எடையைத் தெரிவிக்காமல் எந்தப் பெட்டியையும் கப்பலில் ஏற்றக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் அது கேட்பது எவ்வளவு என்பதை; எங்கே என்பதை அன்று. பெட்டியின் கதவில் முத்திரை இருக்கிறது. டிரைவர் அதைத் தொடக்கூடாது. உள்ளே பார்க்க உரிமையில்லாத ஒருவர்தான் வெளியே நடப்பதற்குப் பொறுப்பு.

முத்திரையை உடைக்காமல்

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அதைத் திருப்பிப் போட்டால் என்ன என்று தோன்றியது. தட்டின் பாரம் தெரிந்தால் ஈர்ப்பு மையம் தெரியுமல்லவா? அப்படியானால் பூட்டிய பெட்டிக்குள் பார்க்கலாமே!

பருவ விடுமுறையில் ஒருநாள் அப்பாவோடு லாரியில் சென்றேன். துறைமுகத்துக்குப் போகும் ஏற்றுமதிப் பெட்டி. புறப்பட்டுச் சிறிது தூரத்திலேயே, "இதுவும் பின்பாரம்மா" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கியர் மாற்றும்போது முதுகில் விழவேண்டிய தள்ளு விழவில்லை என்றார். மணலி அருகே ஓர் எடைமேடையில் வண்டியை இரண்டு முறை நிறுத்தினோம். முதலில் இழுக்கும் லாரியின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க, டிரெய்லரின் சக்கரங்கள் வெளியே. பிறகு முழு வண்டியும். மேடையும் அதை ஒட்டிய தரையும் ஒரே மட்டமாக இருக்கவேண்டும். பிரேக் பிடிக்காமல் வண்டி தானாக நிற்கவேண்டும். இல்லையேல் அளவு பிசகும். மேடைக்காரர் எங்களை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

காலி டிரெய்லரும் காலிப் பெட்டியும் பூட்டியிருந்தால் லாரியின் சக்கரங்களில் 9.5 டன் வரும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அன்று வந்தது 14.5. ஆகவே சரக்கின் பங்கு 5 டன். முழு வண்டியின் எடையிலிருந்து கிடைத்த சரக்கு 20 டன். டிரெய்லரின் அச்சுகளில் 15 டன் என்றால், ஈர்ப்பு மையம் கிங்பின்னிலிருந்து 8 × 15 ÷ 20 = 6 மீட்டர். இருக்கவேண்டிய இடத்துக்கு ஒரு மீட்டர் பின்னால். மேடை 200 கிலோ தவறாகக் காட்டினாலும் இந்த விடையில் 8 சென்டிமீட்டர்தான் மாறும். நான் தாளை நீட்டினேன். "அதான் சொன்னேனே" என்றார் அப்பா.

அனுப்பிய இடத்துக்கு அப்பா தொலைபேசியில் சொன்னார். முத்திரை சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, நேரத்துக்குப் போய்ச் சேரச் சொன்னார்கள். அன்று தூறல் இருந்தது. மேம்பாலத்தைத் தவிர்த்து அப்பா எட்டுக் கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போனார். டீசல் கணக்கில் கேள்வி வரும் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார், வந்தது. பெட்டி கப்பலேறிவிட்டபடியால் என் விடை சரிதானா என்று திறந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

இப்போது பெட்டி சந்தேகமாகத் தோன்றும் நாட்களில் அப்பா இரண்டு எடையும் போடுகிறார். இரண்டாவது எடைக்கான கட்டணம் அவருடைய கைக்காசு. சட்டைப்பையில் வைத்திருக்கும் சிறு நோட்டில் தேதிக்கு நேரே இரண்டு எண்களைக் குறித்து, மூன்றாவது கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதை நிரப்புகிறேன்.